"மமான் ஏ மோர்த்": காம்யு நாவலின் முதல் வினைச்சொல் என்ன சொல்கிறது?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. கதை எழுதும்போது 'பாஸே சாம்ப்ள்' என்ற இறந்தகாலம்தான் வரும் என்று உங்கள் இலக்கணப் புத்தகம் சொல்கிறது. ஆல்பெர் காம்யுவின் 'லெத்ரான்ஜே'யை, அதாவது தமிழில் 'அந்நியன்' என்று நாம் அறிந்த நாவலைத் திறந்தால், முதல் வரியே "ஓஜூர்துய், மமான் ஏ மோர்த்" ('இன்று அம்மா இறந்துவிட்டாள்') என்று, 'பாஸே கொம்போஸே' என்ற இன்னொரு இறந்தகாலத்தில் நிற்கிறது. "மமான் மூர்யு" என்று பாஸே சாம்ப்ளில் ஏன் இல்லை என்பது முதல் கேள்வி. 'ஏ மோர்த்' என்றால் 'இறந்தாள்' என்பதா, 'இறந்த நிலையில் இருக்கிறாள்' என்பதா என்பது இரண்டாவது. மூன்றாவது, உங்கள் நண்பர் சொன்ன விளக்கம்: கதையைச் சொல்லும் நாயகன் மெர்சோ படிக்காதவன், அவன் வாயில் கொச்சை பிரெஞ்சுதான் வரும். தேர்வில் இதைக் கேட்டால் என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடம் பிரெஞ்சு வகுப்பெடுத்தவன், காம்யு ஆராய்ச்சியாளன் கிடையாது. அதனால் இலக்கணம் சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்கிறேன். நாவலின் உள்நோக்கம் பற்றிச் சொல்வதை ஒரு வாசகனின் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலக்கணம். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகள் பாஸே கொம்போஸேயில் 'அவ்வார்' என்ற துணைவினையோடு வரும். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற ஒரு சிறு கூட்டமும், 'ஸெ' சேர்ந்து வரும் தற்சுட்டு வினைகளும் மட்டும் 'ஏத்ர்' என்பதோடு வரும். வகுப்பில் 'டாக்டர் மிஸஸ் வாண்டர்டிராம்ப்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அந்தப் பட்டியல்தான் அந்தச் சிறு கூட்டம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், 'ஏத்ர்' என்பது 'இரு' என்ற சாதாரண வினையும்கூட. 'கதவு நீலமாக இருக்கிறது' என்று சொல்லும் அதே 'ஏ'தான் இங்கேயும். ஆக 'ஏ மோர்த்' என்ற இரண்டு சொல்லை 'இறந்தாள்' என்று ஒரு நிகழ்ச்சியாகவும் படிக்கலாம், 'இறந்தவளாக இருக்கிறாள்' என்று ஒரு நிலையாகவும் படிக்கலாம். எழுத்திலும் வித்தியாசம் கிடையாது, உச்சரிப்பிலும் கிடையாது. 'சாப்பிட்டேன்' என்பதற்கான 'ஷே மான்ஷே'யில் இந்தக் குழப்பமே வராது. அந்தச் சிறு கூட்டத்திலும் எல்லா வினைக்கும் ஒரே அளவில் வராது. 'மூரீர்' (இறத்தல்) என்ற வினையில்தான் மிக அதிகம், ஏனென்றால் இறப்பு என்பது ஒரு நொடியில் நடந்து முடிந்தாலும் அதன் விளைவு முடிவதே இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. "இல் ஏ மோர் இல் இயா தெ ஸான்" என்றால் 'அவர் இரண்டு வருடத்துக்கு முன்பு இறந்தார்', நிகழ்ச்சி. "இல் ஏ மோர் தெபுய் தெ ஸான்" என்றால் 'அவர் இறந்து இரண்டு வருடமாகிறது', நிலை. வினை அதேதான். பக்கத்தில் வரும் 'இல் இயா'வும் 'தெபுய்'யும்தான் எது என்று தீர்மானிக்கின்றன. இந்த 'தெபுய்'யைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது நாவலின் முதல் பத்தி. இன்று அம்மா இறந்துவிட்டாள். இல்லை, நேற்றாக இருக்கலாம், தெரியவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது: தாயார் மறைவு, நாளை அடக்கம், மரியாதையுடன். இதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, ஒருவேளை நேற்றாக இருக்கலாம். அவ்வளவுதான். முதல் வாக்கியத்தை மட்டும் படித்து நிறுத்தினால் இரண்டு அர்த்தமும் பொருந்தும். 'இன்று' என்ற சொல் நிலைக்கும் ஒத்துப்போகும், நிகழ்ச்சிக்கும் ஒத்துப்போகும். 'நேற்றாக இருக்கலாம்' என்று வந்தவுடன் நிகழ்ச்சி என்ற அர்த்தம்தான் நிற்கிறது. இறந்த நிலை நேற்றாகவோ இன்றாகவோ இருக்க முடியாது, இறந்த நேரம்தான் அப்படி இருக்க முடியும். எனவே முதல் வரி பாஸே கொம்போஸே, 'இறந்தாள்' அல்லது 'இறந்துவிட்டாள்'. இது உறுதி, இதில் வாதமில்லை.

தந்தியையும் கவனியுங்கள். அதில் இருக்கும் சொல் 'மூரீர்' இல்லை, 'தெசேதே'. நம் ஊர் செய்தித்தாளின் இரங்கல் விளம்பரத்தில் வரும் 'காலமானார்' மாதிரி, அலுவலகம் எழுதும் சொல். துணைவினையும் இல்லை, தேதியும் இல்லை, வெறும் எச்சம் மட்டும் நிற்கிறது. மெர்சோவின் 'இன்றா, நேற்றா' என்ற குழப்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது. பல வாசகர்கள் அதை அவனுடைய அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நாளைக்கு அடக்கம் என்று மட்டும் சொல்லி, எப்போது இறந்தார் என்று சொல்லாத ஒரு தந்தியை வைத்துக்கொண்டு யாராலும் நாளைச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறான், அவ்வளவே. சமையலறை, தெரு, வீடு என்று எங்கும் புழங்கும் 'மூரீர்' அவனுடையது, 'தெசேதே' இல்லத்துடையது.

சரி, ஏன் 'மூர்யு' இல்லை? 'மூர்யு' என்று எழுதியிருந்தால், முடிந்துபோன, நம்மிடமிருந்து அறுந்துபோன ஒரு காலத்தில் அது நடந்ததாக ஆகிவிடும். பாஸே சாம்ப்ள், நாவல் வெளிவந்த 1942 வாக்கிலேயே பேச்சிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது, எழுத்தில் மட்டும் கதைக்கும் வரலாற்றுக்கும் உரிய காலமாக இருந்தது. இலக்கிய விமர்சகர் ரொலான் பார்த் 1953இல் எழுதிய நூலில், இந்தக் காலம் வந்தாலே 'இது நாவல்' என்ற முத்திரை விழுந்துவிடுகிறது என்று வாதிடுகிறார். மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1959இல் அதையே மொழியியல் முறையில் பிரித்தார்: சொல்பவன் தலைகாட்டாத வரலாற்று நடைக்கு பாஸே சாம்ப்ள், 'நான்', 'நீ', 'இன்று', 'இங்கே' என்று சொல்பவன் நிற்கும் பேச்சுக்கு பாஸே கொம்போஸே. 'ஓஜூர்துய்' என்று தொடங்கும் வரியில் 'மூர்யு' ஒட்டாது. தமிழிலும் 'இன்று அம்மா இறந்தாள்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது கல்வெட்டு மாதிரி இருக்கும். 'இறந்துட்டாங்க', 'போயிட்டாங்க' என்றுதான் சொல்வோம்.

காம்யுவுக்கு பாஸே சாம்ப்ள் எழுத வராமல் இல்லை. அவருடைய அடுத்த நாவலான 'லா பெஸ்த்' 1947இல் வந்தது. அதில் கதை நகரத் தொடங்கும் வரியில், ஏப்ரல் 16 காலையில் டாக்டர் ரியே அறையை விட்டு வெளியே 'சோர்த்தீ', செத்த எலி ஒன்றின்மீது 'புய்த்தா'. இரண்டுமே அசல் பாஸே சாம்ப்ள். அந்த நாவலில் சொல்பவர் தன்னை மறைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதுகிறார், அதனால் அந்தக் காலம் அங்கே பொருந்துகிறது. எனவே 'லெத்ரான்ஜே'யில் வருவது தெரிந்து செய்த தேர்வு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, விட மனமில்லை. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இலக்கணக்காரர்களிடம் 'இருபத்துநாலு மணி நேர விதி' என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு நடந்ததற்கு பாஸே கொம்போஸே, நேற்றும் அதற்கு முன்பும் நடந்ததற்கு பாஸே சாம்ப்ள். 1660இல் வந்த போர்-ருவாயால் இலக்கணத்தில் இது இருக்கிறது. அதற்கு முன்பே, 1637இல் அரங்கேறிய கார்னேயின் 'லெ சித்' நாடகத்தில் ஒரு பாத்திரம் சற்று முன்பு கொடுத்த அறையைப் பற்றி 'ஃபீ' என்று பாஸே சாம்ப்ளில் பேசியதை பிரெஞ்சு அகாதெமி குற்றமாக எடுத்துச் சொன்னது. இப்போதுதானே நடந்தது, 'ஏ ஃபே' என்றல்லவா வரவேண்டும் என்று. கார்னே பின்னாளில் அந்த வரியையே மாற்றி எழுதினார். அந்த விதிப்படி பார்த்தால் மெர்சோவின் அம்மா இன்று இறந்திருந்தால் 'ஏ மோர்த்', நேற்று இறந்திருந்தால் 'மூர்யு'! அவன் தடுமாறும் அதே கோட்டில்தான் பழைய விதியும் பிரிகிறது. காம்யு இதை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன், தற்செயலாகத்தான் இருக்கும். ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

இனி உங்கள் நண்பரின் விளக்கம். பாதிதான் சரி. பாஸே கொம்போஸே பேச்சுவழக்குக்கு நெருக்கமானது என்பது உண்மை. மெர்சோ படிக்காதவன் என்பது தவறு. தான் மாணவனாக இருந்ததையும், படிப்பைக் கைவிட வேண்டிவந்ததையும் அவனே முதலாளியோடு பேசும் இடத்தில் சொல்கிறான். அவனுடைய நடையும் கொச்சை கிடையாது. கடற்கரையில் அவன் ஓர் அரபு மனிதனைச் சுட்டுக் கொல்லும் பத்தியை எடுங்கள். ஏற்கெனவே அசையாமல் கிடக்கும் உடலின்மீது இன்னும் நான்கு முறை சுடுகிறான். குண்டுகள் உள்ளே போவது வெளியே தெரியவே இல்லை என்று சொல்ல அவன் எழுதுவது "ஸான் கில் இ பாருய்". இந்த 'பாருய்' 'ஸுப்ஜோங்க்திஃப் ஆம்பர்ஃபே' என்ற வடிவம். பாஸே சாம்ப்ளைவிடப் பழைய வாடை அடிக்கும் ஏட்டு வடிவம் அது, தெருவில் யார் வாயிலும் வராது. ஆக, எளிய காலத்தைத் தேர்ந்தெடுத்த அதே கை, தேவைப்பட்ட இடத்தில் ஏட்டு இலக்கணத்தையும் எடுத்துப் போடுகிறது. பேச்சு மாதிரி தோன்றும்படி மிகக் கவனமாகச் செதுக்கிய எழுத்து என்று சொல்வதுதான் பொருத்தம்.

அதே பத்தியில் இன்னொன்று. சுடும் நொடியில் 'நான் விசையை அழுத்தினேன்' என்று அவன் எழுதவில்லை. "லா காஷெத் ஆ ஸெதே" என்கிறான்: விசை இணங்கிக்கொடுத்தது. எழுவாய் விசை. அடுத்த நான்கு குண்டுகளுக்கு மட்டும் 'நான் சுட்டேன்'.

தத்துவவாதி ஜான்-போல் சார்த்ர் 1943இல் இந்த நாவலைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்பார். பாஸே சாம்ப்ளில் வினை ஒரே சொல்லாக, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பாஸே கொம்போஸேயிலோ வினை இரண்டாக உடைந்து, ஒரு பக்கம் ஜடமான எச்சம், மறுபக்கம் வெறும் ஒட்டுச்சொல்லாக 'ஏத்ர்' என்று நிற்கிறது என்பது அவர் வாதம். எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லித்தருவார்கள், நானும் சொல்லித்தந்திருக்கிறேன். நுட்பமான அவதானிப்புதான். ஆனால் அவர் எடுத்துக்காட்டும் வாக்கியம் 'நெடுநேரம் உலாவினான்' என்பது. அது 'ஏத்ர்' எடுக்கும் வகை. மெர்சோவின் வாக்கியங்களில் பெரும்பாலானவை 'பேருந்து பிடித்தேன்', 'சாப்பிட்டேன்', 'சொன்னேன்' என்று 'அவ்வார்' எடுப்பவை. அங்கே ஒட்டுச்சொல் என்ற வாதம் எடுபடாது. வாக்கியங்கள் தீவு தீவாக நிற்பதற்குக் காரணம் காலத்தைவிட அதிகமாக, 'ஆகையால்', 'ஏனென்றால்' போன்ற இணைப்புகள் குறைவாக இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சார்த்ரின் விளக்கம் முழுசாகப் பொருந்தும் வாக்கியம் எதுவென்றால், நீங்கள் கேட்ட முதல் வரிதான்.

ஏனென்றால் அந்த 'நிலை' என்ற அர்த்தத்தை இரண்டாம் வாக்கியம் துரத்திவிட்டாலும் அது நாவலை விட்டுப் போகவில்லை. இரண்டாம் பத்தியிலேயே, முதலாளியிடம் விடுப்பு கேட்ட பிறகு, மெர்சோ சொல்கிறான்: இப்போதைக்கு அம்மா இறக்காத மாதிரிதான் இருக்கிறது, அடக்கம் முடிந்த பிறகு கோப்பை மூடியாகிவிடும், எல்லாம் கொஞ்சம் அதிகாரபூர்வமாகிவிடும். அங்கே வரும் "நெத்தே பா மோர்த்" என்பதையும் 'இறந்திருக்கவில்லை' என்று நிகழ்ச்சியாகவும் படிக்கலாம், 'இறந்தவளாக இல்லை' என்று நிலையாகவும் படிக்கலாம். அவனுக்கு மரணம் தந்தியில் நடக்கவில்லை, அடக்கத்தில்தான் நிலையாகப் போகிறது.

அடுத்து, நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன 'தெபுய்'. அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. துறைமுகத்துக் குளியல் இடத்தில் மரி என்ற பெண்ணைச் சந்திக்கிறான், இருவரும் நீந்துகிறார்கள். உடை மாற்றும்போது அவனுடைய கறுப்பு டையைப் பார்த்து அவள் திகைத்து, துக்கத்தில் இருக்கிறாயா என்று கேட்கிறாள். அம்மா இறந்துவிட்டதைச் சொல்கிறான். 'தெபுய் கான்', எப்போதிலிருந்து என்று அவள் கேட்க, அவன் பதில் "தெபுய் இயேர்", நேற்றிலிருந்து. அவள் லேசாகப் பின்வாங்குகிறாள், ஒன்றும் சொல்லவில்லை. நாளைக் கணக்குப் பாருங்கள். சனிக்கிழமைக்கு நேற்று வெள்ளிக்கிழமை, அது அடக்கம் நடந்த நாள். அம்மா இறந்தது வியாழன், அல்லது அதற்கு முந்தைய நாள். 'எப்போது இறந்தாள்' என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் பொய். 'எப்போதிலிருந்து இறந்தவளாக இருக்கிறாள்' என்று கேட்டால், கோப்பு மூடப்பட்ட நாளிலிருந்து, அதாவது நேற்றிலிருந்து. இரண்டாம் பத்தியில் அவன் சொன்னதோடு அச்சாகப் பொருந்துகிறது. மரியின் கேள்வி மரணத்தைப் பற்றி இல்லாமல், துக்க உடையைப் பற்றி, 'எப்போதிலிருந்து துக்கம் காக்கிறாய்' என்று இருக்கலாம் என்ற வாசிப்பும் உண்டு, அதை நான் மறுக்க முடியாது. வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் அது நிலையைக் கேட்கும் கேள்விதான். தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு இங்கே கஷ்டம், 'எப்போதிலிருந்து இறந்திருக்கிறாள்' என்று நம்மால் கேட்கவே முடியாது. 'எப்போது?' என்று போட்டால் தமிழ் சரளமாக இருக்கும், இந்த முடிச்சு போய்விடும்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸே கொம்போஸே என்றால் சொல்பவனின் 'இப்போது' எங்கேயோ இருக்க வேண்டும். மெர்சோவின் 'இப்போது' எது? முதல் பத்திகளில் இரண்டு மணிப் பேருந்தைப் பிடிப்பேன், நாளை இரவு திரும்புவேன் என்று எதிர்காலத்தில் எழுதுகிறான். அடுத்த பத்தியிலேயே இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தேன் என்கிறான். நாட்குறிப்பு மாதிரி இருக்கிறது. பிறகு நாவல் முழுவதையும் மரண தண்டனைக்கு முன்பு சிறையில் இருந்து நினைத்துப் பார்ப்பது மாதிரியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் அடைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள், எந்தக் கணக்கும் மிச்சமில்லாமல் வரவில்லை. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. 'இன்று' என்று தொடங்கும் வரியில் அது எந்த இன்று என்று கேட்டால் நாவல் பதில் சொல்வதில்லை.

கடைசியாக, உங்கள் புத்தகத்தில் இரண்டாம் பாகம் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து, கொலை வழக்கு விசாரணையில் மரி சாட்சி சொல்லும் இடத்தைப் படியுங்கள். முதல் பாகத்தில் மெர்சோ பாஸே கொம்போஸேயில், ஒன்றோடொன்று ஒட்டாமல் சொன்ன அதே சம்பவங்களை அரசு வழக்கறிஞர் இங்கே மறுபடி சொல்கிறார்: தாய் இறந்த மறுநாளே இந்த மனிதன் கடலில் குளித்தான், முறைகேடான உறவைத் தொடங்கினான், சிரிப்புப் படம் பார்த்துச் சிரித்தான். பிரெஞ்சில் மூன்று வினைகளுமே 'ஆம்பர்ஃபே', அதாவது நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக நடந்ததையும் சொல்லும் இறந்தகாலம். ஒரே நாளில் ஒரே முறை நடந்தவற்றுக்கு சாதாரணமாக அந்தக் காலம் வராது. கண்ணெதிரே படமாக ஓட்டிக்காட்ட விரும்புகிறவர்கள் போடுவது அது. தனித்தனியாக நின்ற மூன்று செயல்கள் ஒரே காட்சியாகச் சேர்ந்துவிடுகின்றன. 'மறுநாள்' என்பதும் தவறு, சனிக்கிழமை மரணத்துக்கு மறுநாள் இல்லை, அடக்கத்துக்கு மறுநாள். மெர்சோவே மரியிடம் 'நேற்றிலிருந்து' என்று சொன்னவனாயிற்றே, அதனால் யாரும் திருத்தவில்லை.

தேர்வில் முதல் வரியைக் கேட்டால் பாஸே கொம்போஸே, 'ஏத்ர்' துணைவினை, எழுவாய் பெண்பால் என்பதால் 'மோர்' இல்லாமல் 'மோர்த்' என்று எழுதிவிடுங்கள். நிலை, தெபுய், மரி எல்லாம் இலக்கியத் தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணத் தாளில் எழுதினால் திருத்துபவர் இரண்டாம் வாக்கியத்தில் இருக்கும் 'இயேர்'ஐ வட்டம் போட்டு மதிப்பெண்ணைக் குறைப்பார், அவர் செய்வது சரிதான்.